பதினொரு ஆண்டுக் கோப்புகளோடு லிப்ரே ஆபிஸுக்கு மாறலாமா?

மெய்ப்புமேசை கேட்டது:

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். கையெழுத்துப் படி இப்போது அநேகமாக வருவதில்லை. எல்லாம் டாக்எக்ஸ் என்னும் வேர்ட் கோப்புகள்தான். எழுத்தாளர் அனுப்புவார், நான் எதைச் சேர்த்தேன், எதை நீக்கினேன் என்று காட்டும் திருத்தத் தடத்தோடு திருப்பி அனுப்புவேன், அவர் சிலவற்றை ஏற்பார், சிலவற்றுக்கு ஓரக் குறிப்பில் மறுப்பு எழுதுவார், மறுபடி என்னிடம் வரும். ஒரு புத்தகம் இப்படி ஆறேழு முறை போய்வரும். பதினொரு ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு.

சென்ற மாதம் 412 பக்க நூல் ஒன்றின் கடைசிச் சுற்றில் இருந்தேன். ஆண்டுச் சந்தா கட்டி நான் பயன்படுத்தும் ஆபிஸ் தொகுப்பின் தவணை அன்றைக்கு முடிந்திருந்தது. கோப்பு திறந்தது. படிக்க முடிந்தது, அச்சிடவும் முடிந்தது. ஒரு காற்புள்ளியைக்கூட நீக்க முடியவில்லை. பணம் கட்டியதும் அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரம் மனத்தைவிட்டுப் போகவில்லை. நான் வரி வரியாகத் திருத்திய பிரதி கண் முன்னே இருக்கிறது, என் கை அதில் படவில்லை.

அதனால் யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய லிப்ரே ஆபிஸ் தொகுப்பை நிறுவி, பழைய கோப்புகளில் ஐந்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு கோப்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன. மூன்றாவது அந்த 412 பக்க நூல். இங்கே 431 பக்கமாகிவிட்டது. நான்காவதில் ஒரு நீள அட்டவணை பக்க ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. ஐந்தாவது, என் கூலிக் கணக்கு வைத்திருக்கும் விரிதாள். தொகைகள் சரியாக இருக்கின்றன. மாத முடிவில் நான் அழுத்தும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. இவை போக, எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துகள் மாறுகின்றன, தமிழ் எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன.

பத்தொன்பது பக்கம் எங்கிருந்து வந்தது? திருத்தத் தடம் ஆறேழு பயணத்தைத் தாங்குமா? இலவசம் என்பதற்காக நான் கேட்கவில்லை. பணம் கட்ட எனக்குத் தயக்கம் இல்லை. என் கோப்பு என் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கையேட்டாளர் எழுதியது:

அம்மா, உங்கள் மூன்றாவது கோப்பிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட மற்றவற்றில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

இயந்திரங்களுக்கான பயனர் கையேடுகள் எழுதுவது என் தொழில். ஒரே கையேட்டில் நான்கைந்து பேர் எழுதுவோம். ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு மென்பொருள். பக்கம் கூடுவதையும் குறைவதையும் நான் பார்த்த அளவுக்கு அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்எக்ஸ் கோப்பு பக்கங்களைச் சுமந்து வருவதில்லை. அது சுமந்து வருவது பத்திகளை, அவற்றின் எழுத்துருப் பெயரை, அளவை, இடைவெளியை. எந்த வரி எங்கே மடிகிறது, எந்தப் பக்கம் எங்கே முடிகிறது என்பதை, திறக்கும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறது. அதே வேர்டையே வேறொரு கணினியில் வைத்து, அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் பக்கம் மாறும். இதை மென்பொருளின் குறை என்று எண்ணிப் பல பேர் இரண்டாம் நாளே திரும்பிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் மெய்யாகவே வருத்தம்.

412 பக்கம் 431 ஆவதற்குப் பக்கத்துக்கு எவ்வளவு நழுவ வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 30 வரி பிடித்த இடத்தில் இப்போது 28, 29 வரி பிடிக்கிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. வரியின் உயரம் ஒரு மயிரிழை கூடியிருக்கிறது. தமிழில் இது ஆங்கிலத்தைவிட எளிதில் நடக்கும். கொம்பும் சுழியும் மேலேயும் கீழேயும் நீள்வதால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் வரிக்குக் கேட்கும் உயரம் வேறு.

இப்படிச் சோதியுங்கள். கோப்பைத் திறந்து ஏதாவது ஒரு பத்தியில் சுட்டியை வையுங்கள். மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் சாய்வெழுத்தில் தெரிந்தால், அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, வேறொன்று அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது என்று பொருள். எழுத்தாளரிடமிருந்து எழுத்துருவைக் கேட்டு வாங்கி நிறுவுங்கள். ஆங்கிலப் பகுதிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. கேலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் வரிசை என்று, ஒவ்வோர் எழுத்தும் அதே அகலத்தில் இருக்கும்படி வரைந்த கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. வடிவம் கொஞ்சம் வேறுபடும், வரி மடியும் இடம் மாறாது. தமிழுக்கு அப்படி இணை இல்லை, மூல எழுத்துருவே வேண்டும். நீங்கள் அனுப்பும் கோப்புகளில், கோப்புப் பண்புகளுக்குப் போய் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடுங்கள். எழுத்துருவின் உரிமம் இடம் கொடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, தமிழ் எழுத்துகள் அசையாதது. லிப்ரே ஆபிஸ் ஒரே பாணிக்குள், அதாவது ஒரு பெயரின் கீழ் சேர்த்துவைத்த தோற்ற அமைப்புக்குள், இரண்டு எழுத்துருக்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று மேற்கத்திய எழுத்துகளுக்கு, மற்றது சிக்கலான எழுத்துமுறைகள் என்று அது பெயரிட்டிருக்கும் தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு. அளவும் தனித்தனி. நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்துமுறையை இயக்கிவிட்டு, பாணியின் எழுத்துருப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டியலும் தெரியும். வேர்டிலும் இதே இரட்டை அமைப்பு உண்டு, எழுத்துருச் சாளரத்தின் உள்ளே.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. கட்டுப்பாட்டு விசையோடு எஃப்10 அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் வெளியே வரும். வெற்றிடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, என்டர் தட்டிய இடம் ஒவ்வொன்றும் ஒரு பத்திக்குறி. இப்போது அத்தியாயங்களின் தொடக்கத்தைப் பாருங்கள். தலைப்பைப் புதுப் பக்கத்துக்குத் தள்ள யாராவது பதினைந்து முறை என்டர் தட்டியிருக்கிறார்களா? தலைப்பை நடுவில் வைக்க இருபது வெற்றிடம் போட்டிருக்கிறார்களா? அப்படியானால் அந்த ஆவணம் ஒரு குறிப்பிட்ட கணினியின், ஒரு குறிப்பிட்ட எழுத்துருவின், ஒரு குறிப்பிட்ட அச்சுப்பொறியின் அளவுக்குக் கையால் தைத்த சட்டை. வேறு எந்த உடம்புக்கும் பொருந்தாது.

நான் மாறிய புதிதில் ஒரு 300 பக்கக் கையேட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். உடைந்த இடம் ஒவ்வொன்றுக்கும் அருகில் இப்படி ஒரு கைத்தையல் இருந்தது. பாணிகளைக் கொண்டு அமைத்த அத்தியாயங்கள், அடிக்குறிப்புகளும் பொருளடக்கமும் உட்பட, அலுங்காமல் வந்து சேர்ந்திருந்தன. அன்றைக்குப் பிறகு நான் மென்பொருளைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

எஃப்11 அழுத்தினால் பாணிப் பலகை வரும். அத்தியாயத் தலைப்புக்கு முதல்நிலைத் தலைப்புப் பாணியைக் கொடுத்து, அந்தப் பாணியிலேயே "இதற்கு முன் பக்கத்தை முறி" என்று ஒரே முறை சொல்லிவிடுங்கள். உரைப்பகுதியின் வரி இடைவெளியைச் சதவீதத்தில் வைக்காமல், புள்ளிக் கணக்கில் நிலையாக வையுங்கள். எழுத்துரு கொஞ்சம் மாறினாலும் வரி உயரம் மாறாது. வெற்றுப் பத்திகளை நீக்க, தேடி மாற்றும் சாளரத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் வடிவத் தேடலை இயக்கி, தேடும் பெட்டியில் ^$ என்று இட்டு, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டுவிடுங்கள். நூல் முழுவதும் ஒரே தட்டில் சுத்தமாகும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இந்தத் தேடல் ஒன்றே லிப்ரே ஆபிஸுக்கு வரப் போதிய காரணம் என்பது என் எண்ணம்.

திருத்தத் தடம் பற்றி நேராகச் சொல்கிறேன். சேர்த்தது, நீக்கியது, யார் எப்போது செய்தார், ஓரக் குறிப்பு, அதற்கு மறுமொழி, இவை டாக்எக்ஸில் போய் வருகின்றன. ஒவ்வொரு நாளும் நான் இதைச் செய்கிறேன். ஆனால் இந்தப் பயணத்தில் தேய்மானம் உண்டு. வேர்ட் பிரிவுகளாக வைத்திருப்பதை லிப்ரே ஆபிஸின் உரைச் செயலியான ரைட்டர் பக்கப் பாணிகளாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. சேமிக்கும்போது மறுபடி பிரிவுகளாக மொழிபெயர்க்கிறது. மொழிபெயர்ப்பை மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எழுத்தாளரின் கோப்பை டாக்எக்ஸாகவே வைத்துத் திருத்துங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பக்க அமைப்பைத் தொடாதீர்கள். சொற்களில் மட்டும் கை வையுங்கள். அமைப்பு வேலையைக் கடைசியில், ஒரே ஒருவர், ஒரே மென்பொருளில் செய்யட்டும்.

அட்டவணை பற்றி நான் இங்கிருந்து ஊகிக்க விரும்பவில்லை. ஒரு பக்கத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

விரிதாள்வாசி எழுதியது:

உரைக் கோப்புகளைப் பற்றிக் கையேட்டாளர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. விரிதாள் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல வந்தேன்.

நான் நாள் முழுவதும் எக்செல்லில் இருப்பவன். தரவைத் திரட்டி அலசும் அதன் பவர் குவெரி, பவர் பிவட் கருவிகள் இரண்டுக்கும் லிப்ரே ஆபிஸின் விரிதாள் செயலியான கால்க்கில் ஈடு கிடையாது. பல இடங்களிலிருந்து வரும் தரவை ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி சுத்தம் செய்து அடுக்கும் வேலையை நான் அங்கே ஒரு முறை கட்டிவைத்தேன், அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்காக நான் மனநிறைவோடு பணம் கட்டுகிறேன். எக்செல்லுக்குள் எழுதிவைக்கும் சிறு நிரல்களான விபிஏ மேக்ரோக்களை நம்பி ஓடும் பெரிய விரிதாள் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஆனால் கால்க் நின்ற இடத்தில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெடுவரிசை வரம்பு 1,024 ஆக இருந்தது. 2022இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து எக்செல்லுக்குச் சமமாக 16,384. வரிசைகள் இரண்டிலும் 10,48,576. எக்ஸ்லுக்கப், ஃபில்டர், சோர்ட், யுனீக் ஆகிய செயற்கூறுகள் 2024 ஆகஸ்டில் வெளியான 24.8 பதிப்பில் சேர்ந்துவிட்டன. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு "அது இல்லை, இது இல்லை" என்று எழுதும் ஒப்பீடுகளே எங்கும் நிறைந்திருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை கொடுத்தால் தவறு நேராது என்ற நம்பிக்கை ஆபத்தானது. 2020இல் இங்கிலாந்தில் கோவிட் தொற்று உறுதியானவர்களின் பதிவுகளில் 15,841 தினசரி எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுப்போயின. தரவை ஏற்றிய இடத்தில் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் பயன்பட்டிருந்தது. அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் இல்லை. அதே ஆண்டில் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை விரிதாள்கள் தேதியாக மாற்றிவிடுவது அதற்கு ஒரு காரணம். எந்த மென்பொருளாக இருந்தாலும், அது உங்கள் தரவை என்ன செய்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் பொத்தானுக்கு வருகிறேன். லிப்ரே ஆபிஸ் மேக்ரோ பாதுகாப்பை உயர்நிலையில் வைத்தே வருகிறது. நம்பகமான கையொப்பம் இல்லாத, நம்பகமான இடத்திலும் இல்லாத கோப்பின் மேக்ரோவை ஓடவே விடாது. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், உங்கள் கணக்குக் கோப்புறையை மட்டும் நம்பகமான இடமாகச் சேருங்கள். பாதுகாப்பு நிலையைக் குறைக்க வேண்டாம், தயவுசெய்து. எளிய விபிஏவைக் கால்க் புரிந்துகொள்ளும். ஓடவில்லை என்றால், அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று இங்கே எழுதுங்கள். மாதக் கூட்டுத்தொகைதான் என்றால் மேக்ரோவே தேவையில்லை, தரவைத் தானே தொகுத்துக் கூட்டிக் காட்டும் பிவட் அட்டவணை போதும்.

பழையகோப்பு எழுதியது:

பதினொரு ஆண்டுக் கோப்புகள் என்றீர்கள். என் வேலை முப்பது ஆண்டுக் கோப்புகளோடு. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

வேர்ட்பெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ், பப்ளிஷர் என்று இன்று புழக்கம் குறைந்துபோன வடிவங்களை நான் திறப்பது லிப்ரே ஆபிஸ் வழியாகத்தான். பப்ளிஷருக்கு 2026 அக்டோபரோடு ஆதரவு முடிகிறது என்று அதன் நிறுவனமே அறிவித்திருக்கிறது. அந்தக் கோப்புகளை வைத்திருப்பவர்கள் இப்போதே பிடிஎஃப் ஆகவோ லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப் ஆகவோ மாற்றிக்கொள்ளட்டும்.

ஓடிஎஃப் 2005இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமாகி, 2006இல் ஐஎஸ்ஓ 26300 ஆனது. டாக்எக்ஸின் அடிப்படையும் 2008 முதல் ஐஎஸ்ஓ 29500 என்ற தரம்தான், அதை மறைக்கக் கூடாது. வேறுபாடு எங்கே என்றால், அந்தத் தரத்துக்குள் கண்டிப்பான வடிவம் ஒன்று, இடைக்கால வடிவம் ஒன்று என இரண்டு இருக்கின்றன. வேர்ட் வழக்கமாகச் சேமிப்பது இடைக்கால வடிவத்தை, பழைய பதிப்புகளின் பழக்கங்கள் எல்லாம் உள்ளே இருக்க. மற்ற மென்பொருள்கள் அந்தப் பழக்கங்களையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டுமே உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய சிப் பொதிகள். ஓடிஎஃப் வகை உரைக் கோப்பான ஓடிடி ஒன்றின் நகலை எடுத்து, பெயரின் கடைசியைச் சிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல்லில் உங்கள் வரிகள் அப்படியே, படிக்கக்கூடிய எழுத்தில் கிடக்கும். நான் இதைக் கொண்டு திறக்க மறுத்த ஒரு கோப்பிலிருந்து ஒருவருடைய ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்களை மீட்டிருக்கிறேன். டாக்எக்ஸிலும் இதே வழி செல்லும்.

டாக்எக்ஸ் தோற்றம் பிசகாமல் இருப்பது ஒன்றே உங்கள் கவலை என்றால் ஒன்லி ஆபிஸையும் முயன்று பாருங்கள். அதுவும் திறமூலம். உள்ளுக்குள்ளேயே டாக்எக்ஸ் வடிவத்தில் வேலை செய்கிறது. எனக்குப் பழைய வடிவங்கள் முக்கியம் என்பதால் நான் அதற்குப் போகவில்லை.

மெய்ப்புமேசை, இரண்டு நாள் கழித்து:

மூவருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

எழுத்துருப் பெயர் சாய்வெழுத்தில்தான் இருந்தது. எழுத்தாளரிடம் கேட்டு வாங்கி நிறுவினேன். 431 பக்கம் 414 ஆனது. மீதி இரண்டு பக்கத்தைக் குறிகளை வெளியே எடுத்துத் தேடினேன். ஒன்பதாம் அத்தியாயத்துக்கு முன்னால் பதினோரு வெற்றுப் பத்திகள், பதினான்காவதற்கு முன்னால் எட்டு. அவை தலைப்பைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு வெள்ளைப் பக்கத்தை உண்டாக்கியிருந்தன. நீக்கிவிட்டுப் பாணியில் பக்க முறிவைச் சொன்னதும் 412. இத்தனை ஆண்டுகளாக எழுத்துப் பிழைகளைத் தேடிய கண்ணுக்கு இந்தப் பிழைகள் தென்பட்டதே இல்லை. இனிமேல் எந்தப் பிரதி வந்தாலும் முதல் வேலை கட்டுப்பாட்டு விசையோடு எஃப்10தான்.

கோப்புறையை நம்பகமான இடமாக்கியதும் பொத்தான் வேலை செய்கிறது. ஆனால் அது செய்வது மாதக் கூட்டல் மட்டுமே என்பதால் பிவட் அட்டவணைக்கு மாறிவிட்டேன்.

இன்னொரு கேள்வி. என்னுடைய எழுத்தாளர் ஒருவர், "ஓப்பன் ஆபிஸ் என்று நான் பல காலம் முன்பே பயன்படுத்தினேன், கோப்பு கெட்டுப்போனது, அதன் பக்கமே போகாதீர்கள்" என்கிறார். இரண்டும் ஒன்றா?

கையேட்டாளர் எழுதியது:

ஒரே வயிற்றில் பிறந்தவை, இன்றைக்கு வேறு வேறு. இந்தக் குழப்பம் தீராமல் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபிஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000இல் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆபிஸ். 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனது. திட்டத்தின் எதிர்காலம் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட பங்களிப்பாளர்கள் அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, நிரலின் நகலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். 2011 ஜனவரியில் லிப்ரே ஆபிஸ் 3.3 வந்தது. ஆரக்கிள் தன்னிடம் இருந்ததை அந்த ஆண்டே அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. பெயரும் புகழும் அங்கே தங்கின, வேலை செய்யும் கைகளில் பெரும்பாலானவை இங்கே வந்தன. அப்பாச்சி ஓப்பன் ஆபிஸ் 2014இலிருந்து 4.1 வரிசையிலேயே நிற்கிறது, சிறு திருத்தங்களோடு. அது டாக்எக்ஸைத் திறக்கும், டாக்எக்ஸாகச் சேமிக்காது. உங்கள் எழுத்தாளர் எதைப் பயன்படுத்தினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பல காலம் முன்பு என்றால் அந்த அனுபவம் இன்றைய லிப்ரே ஆபிஸைப் பற்றியது ஆகாது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவர்கள் வெளியே வந்தபோது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பது. உரிமம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. ஒரு நிறுவனம் கைமாறிய பிறகும் கோடிக்கணக்கானோரின் கோப்புகள் திறந்துகொண்டே இருந்தன. நீங்கள் முதல் பதிவில் "இலவசம் என்பதற்காகக் கேட்கவில்லை" என்று எழுதினீர்களே, நான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதியது அந்த வரிக்காகத்தான். கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் நாம் வைத்துக்கொண்ட பெயர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

சந்தா கட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் நூல் முடியும்வரை அதிலேயே முடியுங்கள். நடுவில் வண்டி மாற்றினால் எழுத்தாளருக்கும் குழப்பம். ஒரே நேரத்தில் பல பேர் வலையில் சேர்ந்து திருத்தும் வேலை உங்களுக்கு அடிக்கடி உண்டு என்றால் வணிகத் தொகுப்பின் வசதி இன்னும் மேல்தான். நம் பக்கத்தில் அதற்கு லிப்ரே ஆபிஸின் வலை வடிவமான கொலாபரா இருக்கிறது, ஆனால் அதைச் சொந்தச் சேவையகத்தில் நிறுவிப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். தனியாக மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது தேவைப்படாது.

அட்டவணைக் கோப்பில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, பெயர்களை நீக்கி, லிப்ரே ஆபிஸை உருவாக்குவோரிடம் வழுவாக, அதாவது மென்பொருள் பிழையாகப் பதிவு செய்யுங்கள். கோப்பை இணைத்து, வேர்டில் எப்படித் தெரிந்தது, ரைட்டரில் எப்படித் தெரிகிறது என்று இரண்டு படங்களும் வையுங்கள். நான் பதிந்தவற்றில் மூன்று, பின்னால் வந்த பதிப்புகளில் சரியாகியிருக்கின்றன. ஒன்று நான்கு ஆண்டுகளாகக் கிடக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மெய்ப்புமேசை எழுதியது:

கையில் இருந்த நூலை நேற்று முடித்து அனுப்பிவிட்டேன், பழைய தொகுப்பிலேயே. சந்தா இன்னும் பத்து மாதத்துக்கு இருக்கிறது, இருக்கட்டும்.

அடுத்த நூல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதன் ஆசிரியர் டாக்எக்ஸில் அனுப்பினார், டாக்எக்ஸிலேயே திருத்துகிறேன், லிப்ரே ஆபிஸில். இரண்டு சுற்றுப் போய்வந்திருக்கிறது. நான் நீக்கிய 63 காற்புள்ளிகளில் 60ஐ அவர் ஏற்றிருக்கிறார். மீதி மூன்றுக்கும் ஓரக் குறிப்பில் எழுதியிருந்த மறுப்புகள் ஒரு சொல்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தன. இரண்டில் அவர் சொன்னதுதான் சரி.

அட்டவணையின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, அதற்குள் இன்னோர் அட்டவணை செருகியிருப்பது தெரிந்தது. பெயர்களை நீக்கி, இரண்டு படங்களோடு நேற்று இரவு வழுவாகப் பதிந்துவிட்டேன். இன்று காலை முன்பின் தெரியாத ஒருவர், தன் கணினியிலும் அப்படியே உடைகிறது என்று உறுதிசெய்து எழுதியிருக்கிறார்.